ஜெசிந்தாவை எங்கே நிறுத்தினேன்

சில வருஷங்களுக்கு முன், டிசம்பர் முதல் சனிக்கிழமை. நாலு மணிக்கே கோயில் ஹாலில் லைட் போட வேண்டியிருந்தது, அப்படி ஒரு மேகம். கொடைக்கானலில் மேகம் வெளியே நிற்காது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரும். பெண்கள் தங்கள் பெஞ்சிலும் ஆண்கள் தங்கள் பெஞ்சிலும் உட்கார்ந்தாயிற்று. குல்லாவைக் கழற்ற யாருக்கும் மனமில்லை. நான் கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள்.

நீலச் சுடிதார், அதன் மேல் ஒரு பழைய ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கையில் பேக்கரி கவர். எட்டு வருஷம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தவள், கடைசி ஐந்து மாதம் பாட்டுப் பயிற்சிக்கு வரவில்லை. பன் வாசனை அவளுக்கு முன்னால் ஹாலுக்குள் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றினாள். கவரை எப்போதும் வைக்கிற ஜன்னல் திட்டில் வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, நான் எங்கிட்டு நிக்கட்டும்?"

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். இதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் போன வாரம் எங்கள் வீட்டுப் பேரிக்காய் மரத்தைப் பற்றி அத்தனை நீளம் எழுதினேன். பேரிக்காய் தீர்ந்துவிட்டது.

விரிப்புக்கு இந்தப் பக்கம்

எங்கள் கோயிலில் வாசலிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். நடுவில் ஒரு சிவப்பு நார்விரிப்பு. பாட்டுப் பயிற்சி நடக்கும் ஹாலிலும் இதே ஏற்பாடுதான். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. வெளியூரிலிருந்து வரும் புதுமணத் தம்பதி தெரியாமல் சேர்ந்து உட்கார்ந்தால் நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். திரும்பித் திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான். மூன்றாவது பாட்டுக்குள் மாப்பிள்ளை தானாக எழுந்து வலப்பக்கம் போய்விடுவார்.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆண் குழந்தைகள் ஐந்தாறு வயது வரை அம்மா பக்கத்தில் இருக்கலாம். பிறகு ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விரிப்பைத் தாண்டி வந்து கையை நீட்டுவார். என் தம்பி மகன் அன்றைக்கு அழுத அழுகையில் பிரசங்கம் நின்றுபோனது. அடுத்த ஞாயிறு பார்த்தால் அவன் அப்பாவைப் போலவே காலை அகட்டிவைத்து, கைகட்டி உட்கார்ந்திருந்தான். அம்மா கூப்பிட்டதற்குத் திரும்பவும் இல்லை. ஏழே நாளில் ஒருத்தன் ஆம்பளை ஆனதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் கவனிப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே அஞ்சல் வழியில் சமூகவியல் எம்.ஏ. படித்தவள் நான். 'ஆண், பெண் என்னும் அடையாளம் சமூகத்தில் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு மாறுகிறது' என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. வெளுத்து வாங்கினேன். பள்ளியில் பெஞ்சு தூக்கப் பையன்களையும் கோலம் போடப் பெண்களையும் கூப்பிடுவது, மலைத் தோட்டங்களில் மண்வெட்டியை ஆண் கையிலும் களைக்கொத்தைப் பெண் கையிலும் கொடுப்பது, எங்கள் கோயில் விரிப்பு, என் தம்பி மகன் எல்லாம் எழுதினேன். ஊர் சொல்லிக்கொடுத்துத்தான் ஆணும் பெண்ணும் உருவாகிறார்கள், சொல்லிக்கொடுத்தது எதுவும் மாறக்கூடியது என்று முடித்தேன். நல்ல மார்க்.

அந்த விடைத்தாளில் ஒரு ஓட்டை இருந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஒருத்தி கற்றுக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது? ஊர் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் தனக்குள்ளிருந்தே தெரிந்துவைத்திருந்தால்? அதைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் எழுந்து நின்ற கதை

பழைய வாசகர்களுக்கு இது தெரியும். இந்தத் தொடரிலேயே முன்பு ஒரு முறை மார்தட்டி எழுதியிருக்கிறேன். எங்கள் பாடகர் குழுவை நடத்திய பெரியவர் மகனோடு திண்டுக்கல்லுக்கு இறங்கிப் போன பிறகு, நாலு குரலும் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். கமிட்டியில் அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு பொம்பளை முன்னால் நின்று கையை ஆட்ட, ஆம்பளைகள் அவள் கையைப் பார்த்துப் பாடுவதா என்பதுதான் அவர்கள் கவலை. இரண்டு கூட்டம் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் நடத்தலாம், ஆனால் கீபோர்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பென்சிலால் தாளம் காட்டி நடத்த வேண்டும்.

இரண்டு வருஷம் உட்கார்ந்துகொண்டே நடத்தினேன். மூன்றாவது வருஷம் ஈஸ்டர் பாட்டின் நடுவில், யாரையும் கேட்காமல் எழுந்து முன்னால் போய் நின்றேன். பாட்டை நிறுத்த முடியாதல்லவா, எல்லாரும் பாடினார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஸ்டூலையே காணவில்லை.

அதைப் படித்துவிட்டுப் பல பேர் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். தைரியசாலி என்று எழுதியிருந்தீர்கள். எல்லாக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வாரத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு அந்தக் கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதானால் எனக்கு வருத்தமில்லை.

டெனர் பாடிய இரண்டு பேர்

பாட்டுக் குழுவில் நாலு குரல். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். பேஸுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. டெனருக்குத்தான் ஆள் கிடைக்காது. குளிரில் ஆண்கள் தொண்டை மேலே ஏறவே ஏறாது.

அதனால் எஸ்தர் அக்காவை டெனர் பாட வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், கனத்த குரல், வார்டின் ஒரு கோடியில் கூப்பிட்டால் மறுகோடி நோயாளி எழுந்துகொள்வார். பெண்கள் பெஞ்சின் ஓரத்தில், குழுவின் சேலையோடு நின்றுகொண்டு, பல வருஷமாக அவர் ஆண்கள் குரலைத்தான் பாடினார். அவரை ஆண்கள் பக்கம் போகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

இன்னொரு டெனர் ஜெசிந்தா. அப்போது அவளுக்கு வேறு பெயர். அவள் விட்டுவிட்ட பெயரை நான் எடுத்து இங்கே எழுதப் போவதில்லை. அவள் அம்மா சரோஜா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் கப்பலேறி வந்தவர், பேத்துப்பாறையில் தினக்கூலி. ஜெசிந்தாவுக்கு மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. இருபது வயதில் குழுவுக்கு வந்தாள். நோட்டு வாசிக்கத் தெரியாது, ஒரு தடவை கேட்டால் போதும். அவள் பாடினால் பேஸ்காரர்களே தங்கள் வரியை விட்டுவிட்டு அவள் வரிக்குள் போய் விழுவார்கள். நான் தாளத்தைத் தட்டித் திட்ட வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நான் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து உரித்தாள். பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நான் பொம்பளதாங்கக்கா. வெளிய வேசம் போட்டுக்கிட்டே இருந்துட்டேன். இனிமே முடியாதுங்க."

"அதுக்கென்ன? இரு" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எம்.ஏ. விடவில்லை. ஆண், பெண் என்பதெல்லாம் எப்படி உருவாகிறது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். நான் முடிப்பதற்குள் மொத்தப் பீன்ஸையும் அவளே உரித்து முடித்துவிட்டாள்.

பாக்கெட் போடுகிற மேஜை

பிறகு அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ரொட்டி வாங்கப் போகும்போது பேக்கரியில் பார்ப்பேன். முடி தோளுக்கு வளர்ந்திருந்தது. காதில் சின்னதாக ஒரு கம்மல். நவம்பரில் ஒரு நாள் போனபோது அவள் மாவு மேஜையில் இல்லை. உள்ளே பெண்களோடு உட்கார்ந்து ரஸ்க் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜெசி, வேலைய மாத்திட்டாங்களா?"

"ஆமாங்கக்கா. மாவு பெசயுறது ஆம்பள வேலையாம். நீ இனிமே இங்க உக்காருன்னு மொதலாளி சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாயால அவரு என்னைய பொம்பளன்னு சொல்ல மாட்டாரு. ஆனா எடத்த மாத்திட்டாருல்ல. அன்னைக்கு எனக்கு எம்புட்டு சந்தோசம்னு உங்களுக்கு விளங்குதாக்கா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அதே கை, அதே பலம், மாவு பிசையக் கூடாது என்றால் என்ன நியாயம் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஒரு பெண்ணுக்கு நடக்கிற அநியாயம் தனக்கும் நடந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. எந்தப் பாடத்திலும் நான் படிக்காதது அது.

அந்த வேகத்தில்தான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் குழுவில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சேலை கட்டுவார்கள். சின்னாளபட்டியிலிருந்து ஒருவர் மூட்டையோடு மேலே வருவார், நிறத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

"இந்த வருஷம் ஒம்பது சேலை சொல்லப்போறேன். உனக்கும் சேத்து. டிசம்பர் மொத சனிக்கிழம வந்துரு."

அவள் கையிலிருந்த ரஸ்க் பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"என்ன கலருங்கக்கா?"

"மயில் கழுத்து."

"எனக்கு எடுப்பா இருக்குமாக்கா?"

"இருக்கும்" என்றேன். ஒன்பது சேலை வாங்கினேன். சேலைக்காரர், "ஒண்ணு கூடுதலா இருக்கேம்மா, புது ஆளா?" என்று கேட்டபோதுகூட நிமிர்ந்துதான் பதில் சொன்னேன். பெண்களிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது; நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை

"அக்கா, நான் எங்கிட்டு நிக்கட்டும்?"

பெண்கள் பெஞ்சில் எட்டுப் பேர். ஓரத்தில் ஒரு ஆள் தாராளமாக நிற்கவும் உட்காரவும் இடம் இருந்தது. அந்த இடத்தில் இரண்டு கைப்பைகள் இருந்தன. யாரும் அவற்றை எடுக்கவில்லை. யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எல்லாரும் பாட்டுத் தாளைக் கவனமாகப் படித்தார்கள். ஆண்கள் பக்கம், கமிட்டியில் இருக்கும் பேஸ் தேவதாஸ் அண்ணன் ஒரு தடவை இருமினார். குளிரில் எல்லாரும்தான் இருமுவார்கள். எனக்கு அந்த இருமல் போதுமானதாக இருந்தது.

"உன் குரல் டெனர்ல்ல ஜெசி? டெனர் பக்கமே நில்லு. பாட்டுக்கு ஆம்பள பொம்பள எல்லாம் கெடையாது, குரல்தான் கணக்கு."

இன்றைக்குப் படித்தாலும் நல்ல வாக்கியம்தான். மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். என் வாழ்க்கையில் நான் பேசிய கோழைத்தனமான பேச்சு அதுதான்.

ஜெசிந்தா கோபப்படவில்லை. பெண்கள் பெஞ்சின் அந்த ஓரத்தைப் பார்த்தாள்.

"எஸ்தர் அக்காவும் டெனர்தானங்கக்கா."

கீபோர்டு வாசிப்பவர் கையை எடுத்துவிட்டார். எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். ஜெசிந்தா கேட்டதில் தந்திரம் எதுவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு ஒரு வழி தெரிந்தது, அதை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு, 'ஆமா, அவங்க பக்கத்துல போய் நில்லு' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஐந்தே வார்த்தை.

"அவங்க விசயம் வேற" என்றேன்.

"விளங்குதுங்கக்கா."

அவள் விரிப்பைத் தாண்டி வலப்பக்கம் போனாள். ஆண்கள் சற்று அதிகமாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். கோபித்துக்கொண்டு வெளியே போயிருந்தால்கூட எனக்கு இப்போது சற்று லேசாக இருந்திருக்கும். அவள் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கே நின்று, மூன்று பாட்டையும் முழுசாகப் பாடினாள். ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை. நான் கை காட்டியபோதெல்லாம் சரியாக என் கையைப் பார்த்தாள்.

முடிந்ததும் பாட்டுத் தாளை நாலாக மடித்து என் மேஜையில் வைத்தாள்.

"சேல வேணாங்கக்கா. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

பன் பாக்கெட்டைப் பிரித்து எல்லாரும் தின்றோம். நானும் ஒன்று தின்றேன்.

கிறிஸ்துமஸ் காலை

கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை. எட்டுப் பெண்கள் மயில் கழுத்துச் சேலையில் நின்றார்கள். இரண்டாவது பாட்டில் மற்ற எல்லாக் குரலும் அடங்கி, டெனர் மட்டும் தனியாக ஆரம்பிக்கும் ஒரு வரி உண்டு. எஸ்தர் அக்கா பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் கையை உயர்த்தினேன்.

எஸ்தர் அக்கா வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த வரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கீபோர்டு தனியாக ஓடி, அடுத்த வரியில் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். சபையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வெளியே வந்ததும் எஸ்தர் அக்காவிடம் தொண்டை சரியில்லையா என்று கேட்டேன்.

"தொண்ட நல்லாத்தான் கெடக்கு லில்லி. எந்தப் பக்கம் நின்னு பாடணும்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். ஜனவரியிலிருந்து அவரும் குழுவுக்கு வரவில்லை.

பேத்துப்பாறையில்

பொங்கல் கழிந்து, ஒன்பதாவது சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பேத்துப்பாறை பஸ் ஏறினேன். ஜெசிந்தா வீட்டில் இல்லை. சரோஜாதான் இருந்தார், பீன்ஸ் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உள்ள வாங்க. தேத்தண்ணி வைக்கிறேன்."

ஜெசிந்தா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வெள்ளனே பஸ் ஏறித் திருப்பூர் போய்விட்டாளாம். அங்கே அவளைப் போல நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்களாம். எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை. போனில் பேசுவாளாம். பாடுகிறாளா என்று கேட்டேன். அது தெரியாது என்றார்.

சரோஜா அடுப்பைப் பார்த்தபடி பேசினார். "சிலோன்ல எங்க தோட்டத்துல காலைல ஆளு கணக்கெடுக்கப் பெரட்டுக் கூப்புடுவாங்க. கொழுந்து எடுக்கப் பொம்பளைங்க ஒரு வரிசை, செடியக் கவ்வாத்து வெட்ட ஆம்பளைங்க ஒரு வரிசை. வரிசைல நின்னாத்தான் அன்னைக்கு வேல. எம்புள்ளய எந்த வரிசைல நிப்பாட்டுறதுன்னு எனக்கும் தெரியாமத்தாம்மா இருந்துச்சு. சின்னதுல என் சேலயக் கட்டிப் பாத்தப்ப அடிச்சிருக்கேன். நீங்க சேல எடுத்துத் தாரேன்னு சொன்னீங்கன்னு வந்து சொன்னப்ப, அந்த அடிக்கெல்லாம் சேத்து அன்னைக்கு அழுதேன்."

நான் பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

"அவளுக்கு உங்க மேல கோவம் இல்லம்மா. போறப்ப ஒண்ணுதான் சொன்னா. எங்க நிக்கட்டும்னு நான் கேட்டதுதான் தப்பும்மா, கேக்காமப் போயி நின்னுருக்கணும், அப்படின்னா."

தேத்தண்ணியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று நினைவில்லை. நான் என்றைக்கு யாரைக் கேட்டேன்? பாட்டின் நடுவில், கேட்காமல் போய் நின்றவள்தானே நான். அவள் கேட்டாள். ஊரில் யாரையும் கேட்காமல் என்னைக் கேட்டாள், நான் சரியான இடத்தைச் சொல்லுவேன் என்று நம்பி.

சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சில வருஷங்கள் ஆகிவிட்டன. குழுவை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு இப்போது சபையோடு உட்கார்ந்து பாடுகிறேன். ஞாயிறு தோறும் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இடம் இருக்கும்போது ஏன் மடியில் என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். அவளுக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் இரண்டு கைப்பைகள் இருந்தன என்று மேலே எழுதினேன். யாருடையவை என்று எழுதவில்லை. யாரும் எடுக்கவில்லை என்று எழுதியதும் முழு உண்மை இல்லை. ஒன்று எஸ்தர் அக்காவுடையது. ஜெசிந்தா கேட்டு முடிப்பதற்குள் அதை அவர் எடுத்துக் காலடியில் வைத்துவிட்டார், அதை நான் பார்த்தேன்.

மிச்சமிருந்த பழுப்பு நிறப் பை என்னுடையது. நான் நின்ற இடத்திலிருந்து ஆறு எட்டு தூரம்தான்.